துடிக்கும் இதயத்தைப் படம் பிடிப்பது எப்படி?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? இனிப் போகும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வண்டி புறப்படுமுன் மணிக்கட்டில் விரல் வைத்து, நாடி நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெருமாள்மலையையும் வெள்ளி நீர்வீழ்ச்சியையும் கடந்து ஊர் போய்ச் சேர்ந்ததும், ஏரிக்கரையில் கால்மணி நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு மறுபடியும் எண்ணுங்கள். பலருக்கு இரண்டாவது எண் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

காரணம் எளியதே. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் உள்ள காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம்தான் அங்கே உண்டு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. இங்கேயும் அங்கேயும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் காற்றே அடர்த்தி குறைந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. குறைந்த சரக்கை ஏற்றும் வண்டி அதிக நடை போகவேண்டும் அல்லவா? இதயமும் அதைத்தான் செய்கிறது. சில நாள் தங்கினால் உடல் பழகிக்கொள்ளும்.

இப்போது, பூம்பாறைப் பக்கம் மலைச்சரிவில் பூண்டு பயிரிடும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது ஐம்பத்தைந்து. மேட்டு வயலுக்கு ஏறும்போது நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்துகிறது. நின்று இளைப்பாறினால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. மருத்துவரிடம் போகிறார். படுக்கவைத்து எடுத்த இ.சி.ஜி. படத்தில் குறை ஏதும் தெரியவில்லை. இவருக்கு இதயநோய் உண்டா, இல்லையா?

கேள்வி சிறியது, பதில் எளிதல்ல. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயத்திற்கே இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை கொரோனரித் தமனிகள். இதயத்தின் மேற்பரப்பில் கொடிபோல் படர்ந்திருக்கும் இவற்றின் உள்விட்டம், பெரிய கிளைகளில் கூட, 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். சுவரில் கொழுப்பும் கால்சியமும் படிந்து தடித்துப்போனால் வழி குறுகுகிறது. ஓய்வாக இருக்கும்போது அந்தக் குறுகிய வழியே போதும். மேடேறும்போது போதாது. அப்போதுதான் வலி. ஆகவே பூண்டுக்காரரின் தமனிகளை யாராவது பார்த்தாக வேண்டும். நெஞ்சைத் திறக்காமல் பார்க்க முடியுமா?

நிழல் போதாது

எக்ஸ் கதிர்ப் படம் இருக்கிறதே என்பீர்கள். அது ஒரு நிழல். முன்னெலும்பு, நுரையீரல், இதயம், முதுகெலும்பு எல்லாவற்றின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் விழுகின்றன. அந்த நெரிசலில் 3 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைத் தேடுவது வீண் வேலை. ஆனால் பல திசைகளிலிருந்து நிழல் எடுத்தால் உள்ளே இருப்பதைக் கணக்கிட்டுவிடலாம். எப்படி என்பதற்கு ஒரு புதிர்.

ஒரு சதுரத்தில் நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மேல்வரிசையின் கூட்டுத்தொகை 7, கீழ்வரிசை 8. இடப்பக்கத் தூணின் கூட்டுத்தொகை 6. வலப்பக்கத் தூண் 9. எண்கள் என்ன? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் இடக் கட்டத்தில் 0 முதல் 6 வரை எதைப் போட்டாலும் மற்ற மூன்றும் பொருந்திவிடுவதைக் காண்பீர்கள். மொத்தம் ஏழு விடைகள். எது சரி என்று சொல்ல வழியில்லை. இனி சாய்வாக ஒரு பார்வை பார்ப்போம்: மேல் இடக் கட்டமும் கீழ் வலக் கட்டமும் சேர்ந்தால் 12. உடனே ஆறு விடைகள் விழுந்துவிடுகின்றன. மேலே 5, 2. கீழே 1, 7. வேறெதுவும் பொருந்தாது.

கூட்டுத்தொகை என்பதற்குப் பதில் நிழலின் கருமை என்றும், கட்டம் என்பதற்குப் பதில் உடலில் ஒரு துளி இடம் என்றும் வைத்துக்கொண்டால், சி.டி. என்ற இயந்திரத்தின் உயிர்நிலை இதுதான். ஒரு பக்கத்தில் எக்ஸ் கதிர்க் குழாய், எதிர்ப்பக்கத்தில் கதிரை அளக்கும் உணர்விகள். இரண்டும் சேர்ந்து உடலைச் சுற்றிவருகின்றன. லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய முதல் இயந்திரம் 180 கோணங்களில், கோணத்திற்கு 160 அளவுகள் வீதம், 28,800 அளவுகளை எடுத்தது. 1971 அக்டோபர் 1 அன்று அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் மூளையை அது படம் பிடித்தது. நம் நான்கு கட்டப் புதிரை நீங்கள் போட்டுப் பார்த்துத் திருத்தியதுபோலவே, ஆயிரக்கணக்கான கட்டங்களுக்கு விடைகளை மீண்டும் மீண்டும் திருத்தித் திருத்தி அதன் கணிப்பொறி படத்தை உருவாக்கியது. நேரம் விழுங்கும் வேலை அது.

ஒரு கழித்தல் கணக்கு

அதே 1971-ல், சில வாரங்களுக்கு முன், அமெரிக்க அறிவியல் கழகத்தின் ஏட்டில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்திருந்தது. எழுதியவர்கள் ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணன். இராமச்சந்திரனின் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்காது. 1952-லிருந்து 1970 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் முப்புரி வடிவில் முறுக்கிக்கொண்டிருப்பதைக் கோபிநாத் கர்த்தாவுடன் கண்டு சொன்னவர். பின்பு பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திற்குப் போனார். அவரும் லட்சுமிநாராயணனும் கேட்ட கேள்வி: நிழல்களிலிருந்து உருவத்தைத் திரும்பப் பெறச் சுருக்கு வழி உண்டா?

ஒரு வழி எல்லாருக்கும் தோன்றக்கூடியதே. ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே தாளின் மேல் திருப்பி இழுகிவிடுவது. எல்லா இழுகல்களும் எங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே பொருள் இருக்கிறது. ஆனால் பொருளைச் சுற்றிலும் மூடுபனிபோல ஒரு மங்கல் படர்ந்துவிடும். அந்த மங்கலில் விளிம்புகள் கரைந்துபோகும். அதைத் தெளிவாக்க ஃபூரியே உருமாற்றம் என்ற கணிதத்தைப் பயன்படுத்தினார்கள். அன்றைய கணிப்பொறிகளுக்கு அது பெரும் சுமை.

இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் காட்டியது வேறு வழி. இழுகுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் கூராக்கிவிடு என்றார்கள். நிழலில் ஓர் இடத்தின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 100 பங்காக வைத்தால், இருபுறமும் ஒட்டியுள்ள அண்டை அளவுகளில் சுமார் 40 பங்கைக் கழிக்கவேண்டும். அடுத்ததைத் தொடவேண்டாம். மூன்றாவதில் 4.5 பங்கு கழிக்கவேண்டும், நான்காவதைத் தொடவேண்டாம், ஐந்தாவதில் 1.6 பங்கு. இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழித்துக்கொண்டே போகவேண்டும். இந்த எண்களின் ஒழுங்கு பிடிபடுகிறதா? 40.5-ஐ 9-ஆலும் 25-ஆலும் வகுத்துப் பாருங்கள். 1, 3, 5 ஆகியவற்றின் வர்க்கங்கள் ஒளிந்திருப்பது தெரியும். இந்தக் கழித்தலுக்குப் பின் நிழல்களை இழுகினால், மூடுபனியை இந்தக் குறை எண்கள் சரியாக அழித்துவிடுகின்றன. பெருக்கலும் கூட்டலும் மட்டுமே போதும். உலகெங்கும் பொறியியல் பாடநூல்களில் இது இருவர் பெயரையும் சுருக்கி ‘ராம்–லாக்’ வடிகட்டி என்று வழங்குகிறது. பின்வந்த சி.டி. இயந்திரங்கள் பல பத்தாண்டுகள் இவ்வகைக் கணக்கைக் கொண்டுதான் படம் தந்தன. சி.டி.க்கான நோபல் பரிசு 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் சென்றது. அவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. எனினும், வகுப்பில் சி.டி. பற்றிச் சொல்லும்போது நம் ஆசிரியர்கள் இந்த இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்லலாம்.

இதே சுருக்கு வழியை இவர்களுக்கு முன்பே, 1967-ல், ரொனால்டு பிரேஸ்வெல்லும் அவருடைய துணைவர் ரிடிலும் வேறொரு துறையில் தனியாகக் கண்டிருந்தார்கள். எந்தத் துறை தெரியுமா? வானொலி அலைகளைக் கொண்டு வானத்தைப் படம் பிடிப்பது! பிரேஸ்வெல்லின் கருவி சூரியனைக் குறுகலான பட்டைகளாகத்தான் பார்த்தது. பல கோணப் பட்டைகளிலிருந்து முழு வட்டத்தை மீட்கவேண்டியிருந்தது. வயிற்றுக்குள் இருப்பதும் வானத்தில் இருப்பதும் கணிதத்திற்கு ஒன்றுதான்.

பட்டை பட்டையாகச் சூரியனைப் பார்ப்பது கொடைக்கானலுக்கும் பழக்கமான வேலை. 1899-ல் சென்னையிலிருந்து பழனிமலைக்கு வந்த வானாய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள நிறமாலைச் சூரியப் படக்கருவியில் சூரியனின் பிம்பம் ஒரு குறுகிய பிளவைக் கடந்து செல்லும். ஒவ்வொரு கணமும் ஒரு மெல்லிய பட்டை மட்டும் பதிவாகி, கடைசியில் பட்டைகள் சேர்ந்து முழுச் சூரியனாகும். இங்கே கணக்குப் போட்டு மீட்கத் தேவையில்லை. பட்டைகள் தாமாகவே அடுத்தடுத்து அமைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்த வானாய்வகம் சூரியனைப் படம் பிடித்தது கால்சியம் வெளியிடும் ஊதா ஒளியில். சூரியனில் எங்கே காந்தப்புலம் கொந்தளிக்கிறதோ, அங்கே கால்சியம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். கால்சியம் இதயத்திலும் இதே ஒற்றன் வேலையைச் செய்வதைச் சற்றுப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

அசையாமல் இரு என்றால் கேட்குமா?

மூளை அசையாது. ஆகவே முதல் இயந்திரம் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டாலும் மூளையின் படம் தெளிவாக வந்தது. இதயம் அப்படியா? ஓடும் குழந்தையை நிழற்படம் எடுத்தால் முகம் கலைந்துபோவதுபோல் தமனிகள் கலைந்துபோகும். சி.டி. வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வரை இதயத் தமனிகள் சரியாக அகப்படாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

வழி திறந்தது இரண்டு உத்திகளால். முதலாவது வேகம். இன்றைய இயந்திரத்தில் எக்ஸ் கதிர்க் குழாய் ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் உடலைச் சுற்றிவருகிறது. ஒரு குறுக்குவெட்டுப் படத்திற்கு அரைச் சுற்று போதும். எதிர்ப்பக்க நிழல் அதே நிழல்தானே. அதாவது ஒரு படத்திற்கு 0.16 வினாடி அளவே ஆகிறது. இரண்டு குழாய்களைச் செங்குத்தாகப் பொருத்திய இயந்திரங்கள் 2000-களின் நடுவில் வந்தன. அவற்றுக்குக் கால் சுற்றே போதும். ஒரே துடிப்பில் 16 சென்டிமீட்டர் உயரம், அதாவது முழு இதயத்தையும், ஒரே சுற்றில் பிடித்துவிடும் அகன்ற இயந்திரங்களும் உண்டு.

இரண்டாவது உத்தி எனக்கு இன்னும் பிடித்தமானது: இதயம் ஓய்வெடுக்கும் கணத்திற்காகக் காத்திருப்பது. நாடி நிமிடத்திற்கு 60 என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு வினாடி. அதில் சுருங்குவதற்கு 0.3 வினாடி போலத்தான் ஆகும், மீதி 0.7 வினாடியும் விரிந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளும் நேரம். அதன் நடுவே இதயம் கிட்டத்தட்ட அசைவற்று நிற்கும் ஒரு சிறு இடைவேளை உண்டு. நாடி 100 ஆனால்? ஒரு துடிப்புக்கு 0.6 வினாடிதான். சுருங்கும் நேரம் அதிகம் குறைவதில்லை. ஆகவே வெட்டு விழுவதெல்லாம் ஓய்வுநேரத்தில்தான். அமைதி இடைவேளை காணாமலே போய்விடுகிறது. அதனால்தான் படத்திற்கு முன் நாடியை 60, 65-க்குக் கீழே கொண்டுவர மாத்திரை கொடுக்கிறார்கள். நெஞ்சில் ஒட்டிய இ.சி.ஜி. கம்பிகள் ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்தையும் இயந்திரத்திற்குச் சொல்கின்றன. அமைதிக் கணம் வரும்போது மட்டும் குழாய் கதிரைப் பாய்ச்சுகிறது. மலையேறி மூச்சு வாங்க வந்தவரை உடனே படுக்கவைத்துப் படம் எடுக்க மாட்டார்கள் என்பது இப்போது புரிகிறதா?

நம் பூண்டுக்காரர் சமவெளியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் படுக்கிறார், கைகளைத் தலைக்குமேல் நீட்டிக்கொள்கிறார். தமனிகளை விரியச் செய்ய நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் தெளிக்கிறார்கள். வெடிமருந்தில் சேரும் அதே பொருள்தான், துளியளவில் மருந்து. கையிலுள்ள சிரை வழியாக அயோடின் கலந்த மருந்து விரைவாகச் செலுத்தப்படுகிறது. உடல் முழுவதும் வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு சூடு பரவும். சில கணங்களில் தணிந்துவிடும். ‘மூச்சை இழுத்துப் பிடியுங்கள்’ என்று குரல் கேட்கிறது. பத்து வினாடிக்குள் வேலை முடிந்தது.

எண்கள் சொல்லும் சேதி

கணிப்பொறி தருவது உண்மையில் எண்களையே. ஒவ்வொரு துளி இடத்திற்கும் ஓர் எண். இந்த அளவுமுறைக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் 0, காற்று −1000. கொழுப்பு −100 அளவில் இருக்கும். இரத்தம் சுமார் 40. அயோடின் கலந்த இரத்தம் 300-ஐத் தாண்டும். ஆகவே தமனியின் உள்வழி வெண்மையாக ஒளிரும். சுவரில் படிந்த கொழுப்பு கறுத்துக் காணும்.

கால்சியத்தைக் காண அயோடின் கூடத் தேவையில்லை. அயோடின் இன்றி எடுத்த படத்தில், தமனிச் சுவரில் 130-ஐத் தாண்டும் புள்ளி எதுவும் கால்சியம் என்று கொள்ளலாம். புள்ளிகளின் பரப்பையும் செறிவையும் கூட்டி ஒரு மதிப்பெண் தரும் முறையை ஆர்தர் அகாட்ஸ்டனும் துணைவர்களும் 1990-ல் வகுத்தார்கள். இந்தத் தேர்வில் பூஜ்யம் வாங்குபவரே கெட்டிக்காரர்! 400-ஐத் தாண்டினால் கவலைக்குரியது. கால்சியமே கொல்வதில்லை. சுவரில் நெடுங்காலமாகப் புண்ணும் வடுவும் இருந்துவருவதற்கு அது சாட்சி.

சி.டி.யின் சிறப்பு ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, சாயம் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம், இரத்தம் ஓடும் வழியை மட்டுமே காட்டும். சுவரைக் காட்டாது. ஆனால் மாரடைப்பு பெரும்பாலும் எப்படி வருகிறது? சுவரில் உள்ள கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைப்பதால். அவ்வாறு வெடிக்கும் படிவு, அதுவரை வழியைப் பாதி கூட அடைக்காததாக இருக்கலாம். சி.டி. சுவரையும் பார்க்கிறது.

நம் பூண்டுக்காரருக்கு மூன்றில் ஒன்று நேரலாம். தமனிகள் சுத்தமாக இருந்தால் வலிக்குக் காரணத்தை வேறிடத்தில் தேடலாம். குழாய் செலுத்தும் சோதனை அவருக்கு வேண்டாம். முக்கியமான இடப்பக்கத் தமனியின் தொடக்கமே மிகக் குறுகியிருந்தால், மாற்றுவழிக் குழாய் இணைக்கும் அறுவையோ ஸ்டென்டோ தேவைப்படலாம். மூன்றாவது நிலைதான் சுவையானது: படிவு இருக்கிறது, ஆனால் வழி பெரிதாக அடைபடவில்லை. பழைய நாளில் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பியிருப்பார்கள். இப்போது கொலஸ்ட்ராலைக் குறைத்துப் படிவை உறுதியாக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், வேண்டுமானால் ஆஸ்பிரினும் தொடங்குவார்கள். பீடியை விடச் சொல்வார்கள்.

இதனால் உயிர் பிழைக்கிறதா? ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சோதனைகள். மற்றதற்கு அவற்றோடு சி.டி.யும். 2018-ல் ஐந்தாண்டு முடிவுகள் வெளிவந்தன. வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 3.9 பேர் இதயத் தமனி நோயால் இறந்தோ மாரடைப்பு கண்டோ இருந்தார்கள், சி.டி. பிரிவில் 2.3 பேர். கவனியுங்கள்: ஐந்தாண்டில் ஸ்டென்டும் அறுவையும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கூடியது, யாருக்கு வேண்டுமோ அவருக்குத் தரப்பட்ட தடுப்பு மருந்து. படம் யாரையும் குணப்படுத்தவில்லை. மாத்திரை யாருக்கு என்று காட்டியது.

பணியில் நேரடியாகவும் இது உதவுகிறது. முதியவர்களின் பழுதான பெருந்தமனி வால்வை, நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே மாற்றும் சிகிச்சை 2002-ல் பிரான்சில் தொடங்கியது. எந்த அளவு வால்வு பொருந்தும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து சொல்வது சி.டி.தான்.

எல்லாருக்கும் அல்ல

வலியில்லாத இளைஞர் ‘ஒரு ஸ்கேன் பார்த்துவிடுவோமே’ என்று படுப்பது சரியல்ல. எக்ஸ் கதிர் செல்களைத் தாக்கக் கூடியது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓராண்டில் நமக்கு இயற்கையாக வரும் கதிரியக்கம் உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். தொடக்க கால இதயச் சி.டி. ஒன்றுக்கு 10, 15 வரை ஆனது. இன்று நல்ல இயந்திரத்தில், நாடி நிதானமாக இருந்தால், 5-க்குள் அடங்கிவிடும். அயோடின் மருந்து சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு.

இன்னொன்று முக்கியம். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு அழுத்தி, வியர்த்துக் கொட்டி, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால் அது சி.டி.க்குக் காத்திருக்கும் நேரமல்ல. 108-ஐ அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கவேண்டும். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியை, மலையிலிருந்து இறங்கும் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன்பே போட முடிந்தால் இதயத்தசை பிழைக்கும்.

சி.டி.க்கும் கண் கூசும் இடம் உண்டு. கால்சியம் மிகுந்த தமனியில் அந்த வெண்மை பூத்து விரிந்து, உள்வழியை இருப்பதைவிடக் குறுகலாகக் காட்டிவிடும். ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளையும் தனித்தனியே எண்ணும் உணர்விகள் கொண்ட இயந்திரங்கள் 2021 முதல் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கின. அவை இந்தக் குறையைக் குறைக்கின்றன. கணக்கிலும் மாற்றம் வந்திருக்கிறது. கதிரைக் குறைத்தால் நிழலில் இரைச்சல் கூடும். அப்போது ராம்–லாக் கழித்தல் அந்த இரைச்சலையும் சேர்த்துக் கூராக்கிவிடும். கணிப்பொறிகள் வேகமாகிவிட்டதால், விடையைப் போட்டுப் பார்த்து மீண்டும் மீண்டும் திருத்தும் பழைய ஹவுன்ஸ்ஃபீல்டு முறையின் புதிய வடிவங்களை 2009 வாக்கில் இயந்திரம் செய்வோர் மறுபடியும் கையிலெடுத்தார்கள். அவற்றில் பலவும் முதல் விடையாக எடுத்துக்கொண்டு தொடங்குவது, அந்தக் கழித்தல் கணக்கு தரும் படத்தைத்தான்.